எப்வொர்த் குருமனையும் கிங்ஸ்வுட் பள்ளியும்: பிள்ளைகளைக் காத்தலும் தனியே விடுதலும்

திருச்சபை வரலாற்று நூல்களில் சங்கங்களுக்கு அதிகாரங்கள் உண்டு. விசுவாசப் பிரமாணங்களுக்கும் பிளவுகளுக்கும் அதிகாரங்கள் உண்டு. பிள்ளை வளர்ப்புக்கென்று தனி அதிகாரம் எழுதினோரைக் காண்பது அரிது. ஆயினும் பிள்ளைகளை எவ்வளவு காப்பது, எப்பொழுது தனியே விடுவது என்னும் வினா நம் குருமனைகளில் நாள்தோறும் எழுகின்றது. ஊர்ப் பிள்ளைகளோடு கலந்து கெட்டுப்போவார்களோ என்று அஞ்சுகிறோம். குளத்தையும் சாலையையும் கண்டு அஞ்சுகிறோம். சபையார் என்ன சொல்வார்களோ என்றும் அஞ்சுகிறோம். இவ்வச்சங்களை வேதவசனங்களால் நியாயப்படுத்துவது எளிது. வரலாற்றில் வைத்துச் சோதிப்பது சற்றுக் கடினம்.

அவ்வகைச் சோதனைக்கு வெஸ்லி குடும்பத்தைப் போல் ஏற்றது வேறில்லை என்பது நம் எண்ணம். இக்குடும்பத்தின் கடிதங்கள், நாட்குறிப்புகள், பள்ளி விதிகள், மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகள் யாவும் நமக்குக் கிடைத்துள்ளன. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் இவ்வினாவோடு போராடியதை அவற்றில் காணலாம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபொழுது மெதடிஸ்ட் மரபும் அதனுள் வந்து சேர்ந்தமையால் இது நமக்கு அயலார் கதையுமன்று.

1709 பெப்ரவரி 9ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வொர்த் குருமனை தீப்பற்றியது. கூரை வைக்கோல் வேய்ந்தது. தீ விரைந்து பரவிற்று. பணிப்பெண் கைக்குழந்தை சார்ல்ஸைத் தூக்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளைத் தன்னைப் பின்தொடரும்படி கூறி வெளியேறினாள். ஐந்தரை வயதுச் சிறுவன் ஜான் விழிக்கவில்லை. தகப்பனார் சாமுவேல் வெஸ்லி படியேற முயன்று, படிகள் எரிந்துகொண்டிருந்தமையால் இயலாது போகவே, முழங்காற்படியிட்டு மகனின் ஆத்துமாவைக் கடவுளிடம் ஒப்புவித்தார். பிள்ளை இறந்தது என்றே முடிவு செய்தார் என்பது இதன் பொருள். சிறுவனோ அதற்குள் விழித்துக்கொண்டான். கதவருகே ஓடிப் பார்த்தான். வெளியே தரை எரிந்தது. திரும்பி வந்து சன்னலருகே கிடந்த ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றான். முற்றத்திலிருந்தோர் அவனைக் கண்டனர். ஏணி கொணர நேரமில்லை. ஒருவர் தோளின்மேல் மற்றொருவர் ஏறி அவனைச் சன்னல் வழியாக எடுத்தனர். சிறிது நேரத்தில் கூரை உள்ளே சரிந்தது.

பிற்காலத்தில் ஜான் வெஸ்லி இந்நிகழ்ச்சியை மறக்கவேயில்லை. சகரியா தீர்க்கதரிசி கூறும் கொள்ளிக்கட்டை உருவகத்தைத் தமக்கே உரித்தாக்கிக் கொண்டார். அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினோர் யாவரும் இதனைத் தேவ பராமரிப்பின் சான்றாகவே எடுத்துரைத்துள்ளனர். நாமும் அதனை மறுக்கவில்லை. எனினும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பணிப்பெண்ணின் கண்ணுக்குத் தப்பி, தந்தையின் கைக்கு எட்டாமல் இருந்த அந்தச் சில நிமிடங்களில், கதவு உதவாது, சன்னலே வழி என்று முடிவு செய்தது ஓர் ஐந்து வயது அறிவு. அன்றிரவு அவனுக்காக எவரும் சிந்திக்க இயலவில்லை, அவனே சிந்தித்தான்.

இத்தகைய சிறுவனை வளர்த்த வீடு கட்டுப்பாடு தளர்ந்த வீடாயிருந்தது என்று எவரும் எண்ணற்க. தாயார் சூசன்னா அம்மையார் 19 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் 10 பேரே பிழைத்து வளர்ந்தனர். 1732 ஜூலையில் மகனுடைய வேண்டுகோளுக்கிணங்கி அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் தம் முறைகளை விளக்கியுள்ளார். குழந்தையின் சுயசித்தத்தை முதலில் வென்றுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும் மெல்ல அழவும் கற்பிக்கப்பட்டனர். உணவு வேளைகளுக்கு இடையே ஒன்றும் கிடையாது. இரவு எட்டு மணிக்குப் படுக்கை. ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துப் பயிற்சி தொடங்கும். அந்த ஒரே நாளில் எழுத்துக்கள் முழுவதும் தெரிந்தாக வேண்டும். இருவருக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்றாம்; அவர்களை மந்தமானவர்கள் என்று எண்ணியதாக அம்மையார் ஒப்புக்கொள்கிறார்.

இதோடு நிறுத்திவிட்டால் அம்மையாருக்கு அநீதி இழைத்தவர்களாவோம். அதே கடிதத்தின் இறுதியில் அவர் வீட்டு விதிகள் சிலவற்றைக் குறிக்கிறார். தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளையை அடிக்கலாகாது. ஒரு தவற்றிற்காக இருமுறை தண்டிக்கலாகாது. அதனைப் பின்னர்ச் சொல்லிக்காட்டவும் கூடாது. ஒரு பிள்ளையின் பொருள் ஒரு குண்டூசியேயானாலும் மற்றவர் அதனைத் தொடலாகாது. பெண்பிள்ளைகள் நன்றாக வாசிக்கக் கற்குமுன் அவர்களை வேலையில் பழக்கலாகாது. பிள்ளைக்குத் தனக்கென ஓர் உடைமையும் மானமும் உண்டென்று கருதிய ஒருவரே இவ்விதிகளை எழுதியிருக்க முடியும்.

தீவிபத்துக்குப் பின் இந்த ஒழுங்கு குலைந்தது. புதிய வீடு கட்டப்படும் வரை பிள்ளைகள் பல வீடுகளில் பிரித்து வைக்கப்பட்டனர். அவ்வீடுகளில் அவர்கள் பணியாட்களோடு பேசினர். தெருப்பிள்ளைகளோடு ஓடி விளையாடினர். ஓய்வுநாளைக் கவனியாது விட்டனர். நாட்டுப்புறப் பேச்சும் பாட்டும் கற்றனர். இவற்றைச் சீர்ப்படுத்தத் தாம் பட்ட பாட்டை அம்மையார் வருத்தத்தோடு எழுதுகிறார். பிள்ளைகளின் தரப்பில் இது பற்றி ஒரு குறிப்பும் இல்லை. அந்த ஓராண்டு அவர்களுக்கு எப்படியிருந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்குதான் தமிழ்நாடு இக்கதையினுள் நுழைகின்றது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், புளுட்சோ ஆகிய இருவரின் பணியைப் பற்றிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709இல் இலண்டனில் வெளிவந்தன. அந்நூல் எப்வொர்த் குருமனையின் புத்தக அறையில் இருந்தது. மூத்த மகள் எமிலியா அதனைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டினாள். அம்மையார் பல நாட்கள் வேறெதையும் நினைக்க இயலாதவராயினார். தாம் ஓர் ஆணுமல்லர், குருவுமல்லர். ஆயினும் தம்மாலியன்றதைச் செய்யவேண்டும் என்று துணிந்தார். 1712 பெப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில், தம் பிள்ளைகளிடமிருந்தே அதனைத் தொடங்கியதாகக் கூறுகிறார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து பேசுவது என்பது அவர் செய்த ஏற்பாடு. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். ஜாக்கி என்பது ஜான் வெஸ்லியின் செல்லப் பெயர். தரங்கம்பாடிக் கடற்கரையின் செய்தி ஓர் ஆங்கிலேயச் சிறுவனுக்கு வாரந்தோறும் தாயோடு ஒரு மாலைப் பொழுதைப் பெற்றுத் தந்தது. நம் வரலாற்றாசிரியர்கள் இதனை இன்னும் சற்றுப் பெரிதாக எழுதியிருக்கலாம்.

அந்த மாலைகளில் என்ன பேசினர் என்பதற்கு முழுக் குறிப்பு இல்லை. ஆனால் அது தண்டனைக்குரிய நேரமன்று, எழுத்துப் பயிற்சிக்குரிய நேரமுமன்று என்பது தெளிவு. அதில் பிள்ளை பேசினான், தாய் கேட்டார். சுயசித்தத்தை முறிப்பது பற்றி எழுதிய அதே கை, அச்சித்தம் என்ன நினைக்கின்றது என்று கேட்டறிய வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி வைத்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது போதியதாயிருக்கவில்லை. மிகுந்த அறிவு வாய்ந்த ஹெட்டி, எட்டு வயதிலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்பது குடும்பத்தில் வழங்கிய செய்தி. அவளை நாடி வந்தோரைத் தகப்பனார் ஒருவர்பின் ஒருவராக மறுத்தார். 1725இல், ஏறத்தாழ 28 வயதில், அவள் ஒருவரோடு வீட்டைவிட்டு வெளியேறினாள். அம்மனிதர் அவளை மணந்துகொள்ளவில்லை. திரும்பி வந்தவளை அதே ஆண்டு அக்டோபரில் ஈயக் குழாய்த் தொழில் செய்த வில்லியம் ரைட் என்பவருக்கு மணமுடித்தனர். பொருத்தமற்ற மணம். பிறந்த குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. தகப்பனார் அவளை மனதார ஏற்கவேயில்லை. 1726இல் ஜான், தீயோரிடத்தும் காட்டவேண்டிய அன்பைப் பற்றித் தகப்பனாரின் சபையிலேயே பிரசங்கித்தார். அது தம் சகோதரியின் பொருட்டே என்பது கேட்டோர்க்குப் புரிந்தது. தகப்பனாருக்கும் புரிந்தது, சினமும் மூண்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் தாமாக ஒன்றும் தீர்மானிக்க விடப்படாத ஒருத்தி, தாமாகச் செய்த முதல் தீர்மானத்தில் தவறினாள். அதற்காக வீடு அவளை மன்னிக்கவில்லை. ஒரு தவற்றிற்கு இருமுறை தண்டனை இல்லை என்ற தாயின் விதி அவள் திறத்தில் பின்பற்றப்படவில்லை என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது.

ஜானோ வேறு வழியில் சென்றான். 1714 தொடக்கத்தில், பத்து வயதில், இலண்டனிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே பெரிய மாணவர் சிறியோரின் இறைச்சியைப் பறித்துக்கொள்வது வழக்கம். பல ஆண்டுகள் பெரும்பாலும் ரொட்டியையே உண்டு வளர்ந்ததாக வெஸ்லி பின்னர்க் கூறினார். தகப்பனார் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: நாள்தோறும் காலையில் தோட்டத்தை மும்முறை சுற்றி ஓடவேண்டும். யாரும் பார்க்காவிடினும் அவன் ஓடினான். தம் நீண்ட ஆயுளின் உடல்நலத்திற்கு அதனையும் ஒரு காரணமாக அவர் எண்ணினார். எப்வொர்த் தாயின் கையில் பத்து ஆண்டுகள். பின்பு காவலற்ற இலண்டன். இவ்விரண்டும் சேர்ந்துதான் அந்த மனிதரை ஆக்கின.

இப்பொழுது கிங்ஸ்வுட்டுக்கு வருவோம். பிரிஸ்டல் நகருக்கருகே நிலக்கரித் தொழிலாளர் வாழ்ந்த பகுதி அது. 1748 ஜூன் 24ஆம் நாள் வெஸ்லி அங்கு ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1738இல், ஜெர்மனியில் ஹாலே, ஜேனா ஆகிய ஊர்களின் பள்ளிகளைப் பார்த்து வந்திருந்தார். தரங்கம்பாடிக்கு ஊழியரை அனுப்பிய அதே ஹாலே. அங்கே பிராங்கே நிறுவிய நிலையங்களில் பிள்ளைகளைக் கண்காணிப்பின்றி விடுவதில்லை. விளையாட்டுக்குப் பதிலாகப் பயனுள்ள கைவேலை தரப்பட்டது. கிங்ஸ்வுட் விதிகள் அதே போக்கில் அமைந்தன. சேர்க்கைக்கு வயது 6 முதல் 12. கோடையிலும் குளிரிலும் காலை நான்கு மணிக்கு எழவேண்டும். ஒரு மணி நேரம் தனித் தியானம், பின் பொது ஆராதனை, பின் பாடம். ஓய்வு வேளையில் நடக்கலாம் அல்லது தோட்டத்தில் வேலை செய்யலாம். விளையாட்டு நாள் என்பது இல்லை. எந்த நாளிலும் விளையாட்டே இல்லை. சிறுவயதில் விளையாடுபவன் பெரியவனாகியும் விளையாடுவான் என்ற கருத்துடைய ஜெர்மானியப் பழமொழி ஒன்றை வெஸ்லி இதற்கு ஆதாரமாகக் காட்டினார். ஆசிரியர் ஒருவரின் கண்முன்னன்றிப் பிள்ளைகள் இருக்கலாகாது. பெற்றோர் தம் பிள்ளையை ஒரேயடியாக அழைத்துச் செல்லும் நாள்வரை ஒரு நாளேனும் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாகாது.

சன்னலருகே தனியே நின்ற சிறுவனும், இலண்டன் தோட்டத்தில் தனியே ஓடிய சிறுவனும் இவ்விதிகளில் எங்கே என்று நாம் தேடுகிறோம். வெஸ்லி தம் இளமையில் நினைவு கூர்ந்தது பாதுகாப்பை மட்டுமே. தனியே விடப்பட்டமை தமக்குச் செய்த நன்மையை அவர் ஒரு கல்விமுறையாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் அஞ்சியது எதற்கு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நாம் இன்று சாலை, நீர்நிலை, நோய், தேர்வுத் தோல்வி ஆகியவற்றிற்கு அஞ்சுகிறோம். வெஸ்லி அஞ்சியது நரகத்திற்கு. உடல் இடர்களை அவர் பெரிதாக எண்ணவில்லை. நலமுள்ள பிள்ளைகள் வெள்ளிதோறும் பிற்பகல் மூன்று மணிவரை உபவாசம் இருக்கவேண்டும் என்றே விதித்தார். 1770 செப்டம்பரில் கிங்ஸ்வுட் பிள்ளைகள் அயலார் ஒருவரின் சடலத்தைக் காணச் சென்றனர். அன்று மாலையே பள்ளியில் பெரும் அழுகையோடு ஓர் எழுப்புதல் தொடங்கிற்று. பந்தாட்டத்துக்கு இடமளியாத பள்ளி மரணத்தைக் காண்பதற்கு இடமளித்தது. ஓராண்டு கழித்து வெஸ்லி அங்கு சென்று, அந்த அருட்செயலின் விளைவு எங்கே என்று வினவி, அது புகை போல் மறைந்துவிட்டது என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். இதனை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காக நாம் அவரை மதிக்கிறோம்.

பள்ளியின் பிற செய்திகளும் இவ்வாறே. 1751இலேயே, இத்திட்டத்தை இன்னும் கைவிடாதிருப்பது எவ்வாறு என்று வியந்து எழுதினார். 1783 மாநாட்டில் அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் முதன்மையானவை இரண்டு: பிள்ளைகள் ஆசிரியரின்றித் தனித்திருக்கின்றனர், நாள்தோறும், பள்ளிக்குள்ளேயே கூட, விளையாடுகின்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தனர்! வெஸ்லி இதனை ஆசிரியர்களின் அசட்டை என்று கொண்டார். விதியை எவரும் நிறைவேற்றியிருக்க இயலாது என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை.

இதனை எழுதுகையில் நம் குற்றமும் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் விடுதிக்குக் காப்பாளராயிருந்தோம். ஆற்றுப் பக்கம் எவரும் போகலாகாது என்பது நாம் இட்ட கட்டளை. அது மீறப்படவில்லை என்றே எண்ணி மகிழ்ந்திருந்தோம். இருபது ஆண்டுகளுக்குப் பின், இப்போது போதகராயிருக்கும் அவர்களில் ஒருவர், “ஐயா, நாங்கள் யாவரும் நீந்தக் கற்றது தாங்கள் மதியம் உறங்கும் வேளையில்தான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவனும் மூழ்காதது நம் கட்டளையினாலன்று. நீந்தத் தெரிந்த ஒருவரை உடன் அனுப்பியிருக்கலாம் என்பது அன்று நமக்குத் தோன்றவேயில்லை.

கிங்ஸ்வுட்டின் காவல் எப்படிப்பட்டதென்பதை ஆதாம் கிளார்க்கின் வாயிலாகவும் அறியலாம். வேத விளக்க உரையால் நம் மூத்த போதகர்கள் நன்கறிந்த அதே கிளார்க். 1782இல், இருபது வயது கடந்த இளைஞராய், அயர்லாந்திலிருந்து வெஸ்லியின் அழைப்பின்பேரில் அங்கு வந்தார். தலைமையாசிரியரின் மனைவி, இவர் சொறிநோய் கொணர்ந்திருப்பாரோ என்று அஞ்சித் தனியறையில் வைத்து, மேனி முழுவதும் நாற்றமடிக்கும் களிம்பைப் பூசிக்கொள்ளச் செய்தார். நோய் ஏதும் இல்லை. பின்பு தோட்டத்தில் மண்வெட்டிக் கொண்டிருந்தபொழுது கிளார்க்குக்கு ஓர் அரைக் கினி நாணயம் கிடைத்தது. உரியவர் வராமையால் அது அவரிடமே தங்கிற்று. அதனைக் கொண்டு ஓர் எபிரெய இலக்கணம் வாங்கினார். அந்த மாபெரும் வேதவிளக்கம் தொடங்கியது அங்கிருந்துதான். எந்தக் கால அட்டவணையிலும் அது இடம்பெற்றிருக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தையும் வெஸ்லி அறியாதவரல்லர். 1762இல் வெளிவந்த ரூசோவின் கல்வி நூலை 1770இல் வாசித்து, அதன் ஆசிரியரைத் தற்பெருமைக்காரர் என்று ஏளனம் செய்தார். ரூசோ குழந்தையைச் சுயேச்சையாக விடவேண்டும் என்றார். தம் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டார். வெஸ்லி பிறர் குழந்தைகளை ஒரு கணமும் விடாது காக்க எண்ணினார். அவருக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. பிள்ளை வளர்ப்பில் அந்த நூற்றாண்டின் இரு பெரும் ஆசான்களும் மாலையில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து பேசும் கடமையில்லாதவர்கள்.

சார்ல்ஸ் வெஸ்லிக்கு அக்கடமை இருந்தது. அவருடைய இரு மைந்தர்களும் இசையில் அரிய திறன் படைத்தோர். அவர்களைத் தீய சூழல்களினின்று காக்க, 1779 முதல் இலண்டனில் தம் வீட்டிலேயே இசைக் கச்சேரிகளை நடத்தினார். பிரபுக்கள் வந்து கேட்டனர். 1781இல் ஜானும் சென்று, இனிய பொழுதேயாயினும் அக்கூட்டத்தில் தமக்குச் சற்று ஒவ்வவில்லை என்று எழுதினார். இவ்வளவு காத்தும் இளையவன் சாமுவேல் 1784இல் உரோமன் கத்தோலிக்க சபையைத் தழுவினான். தகப்பனார் உடைந்து போனார். பெரியப்பாவாகிய ஜானோ, அப்பொழுது 81 வயதினர், அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தச் சபையைச் சேர்ந்தாய் என்பது எனக்குக் கவலையில்லை, எந்தச் சபையிலும் ஒருவன் மீட்படையவும் கெட்டுப்போகவும் கூடும், நீ மறுபடி பிறந்தாயா என்பதே என் அச்சம் என்ற கருத்தில் அமைந்தது அது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனை அவனுடைய தீர்மானத்தோடு தனியே நிற்க விட்டு, அவனோடு தொடர்ந்து பேசிய கடிதம். கிங்ஸ்வுட் விதிகளை எழுதியவர் எழுதிய கடிதம் என்று நம்புவது எளிதன்று.

எனினும் அவர் வாழ்வில் இதன் வேர் ஆழமானது. 1732 ஜூலையில் பிள்ளை வளர்ப்பு விதிகள் அடங்கிய கடிதத்தைத் தாய் எழுதினார் என்று கண்டோம். அதனைப் பத்தாண்டுகளுக்குப் பின், தாயார் மறைந்த 1742ஆம் ஆண்டின் நாட்குறிப்பில் வெஸ்லி சேர்த்துப் பதிப்பித்தமையால் உலகம் அறிந்தது. பள்ளிகளும் பெற்றோரும் அவ்விதிகளைப் பின்பற்றினர். அதே 1732இல், சில மாதங்கள் முன்னதாக, பெப்ரவரியில், தாய்க்கு அவர் எழுதிய வேறொரு கடிதமும் உண்டு. அப்பொழுது அவர் ஆக்ஸ்போர்டில் லிங்கன் கல்லூரியின் ஆய்வாளர், 28 வயதினர். அதில் அவர் விதிகள் எதையும் கேட்கவில்லை. முன்பு வியாழக்கிழமை மாலைகளில் தமக்கென ஒதுக்கிய அந்தச் சிறு பொழுதை, இப்பொழுதும் வேறு வகையில் தமக்குத் தர இயலுமா என்று கேட்டிருந்தார்.